வேகத்துக்கு அவசரம் ஆகாது

வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாக விருத்தாசலம் செல்லும் சாலையிலும், மேற்கே தொழுதூரை நோக்கிச் செல்லும் சாலையிலும், கிழக்கு வெளுக்கும் முன்பே இளைஞர்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும் காட்சி இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. அவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது ஒலிம்பிக் பதக்கமன்று. போலீஸ் செலக்‌ஷனும் ராணுவத்துக்கு ஆளெடுப்புமே. காவலர் தேர்வுக்கு வரும் ஆண்மகன் 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவத்தை நாடிச் செல்பவன் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் கடந்தால்தான் முழு மதிப்பெண் பெறுவான். நிலமோ நிரந்தர வருவாயோ இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஓட்டமே ஜீவனத்துக்கு வழி காட்டுவதாகையால், அதனைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆயினும், பத்தொன்பது வயது இளைஞன் ஒரு தேர்வுக்காக மேற்கொள்ளும் இந்தச் சிரமமே ஓட்டப் பயிற்சியின் இலட்சணம் என்று எண்ணி, பத்து வயதுச் சிறுவனையும் சிறுமியையும் அதே முறையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அவர்கள் வாயில் நுரை தள்ளும் வரையில் நிறுத்தாமல் இருப்பதுதான் பயிற்சி என்று நம்பும் வழக்கம் நம் பள்ளிகளிலும் ஊர் மைதானங்களிலும் வேரூன்றிவிட்டதே, அதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

வேகமும் களைப்பும் ஒன்றுக்கொன்று பகை என்பதே இந்த விஷயத்தில் முதற்கண் உணர வேண்டிய உண்மை. மனிதன் தன் முழு வேகத்தில் ஓடும்போது, தசைகளில் முன்கூட்டியே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளே பெரும்பாலும் அந்த ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியைத் தருகிறது. அச்சேமிப்பு சில விநாடிகளிலேயே பெருமளவு கரைந்துவிடுகிறது. மீண்டும் அது நிரம்புவதற்கு மூன்று நான்கு நிமிஷங்களேனும் வேண்டும். ஆகவே, இருபது மீட்டர் பாய்ந்தோடிய சிறுவனைத் திரும்பி வந்த கணமே மறுபடியும் ஓடச் சொன்னால், இரண்டாம் முறை அவன் ஓடுவது வேக ஓட்டமன்று. பத்தாம் முறை ஓடுவதோ ஓட்டமே அன்று, மெதுவாக ஓடுவதற்கான அப்பியாசம். ஓடிய ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஓய்வு என்று விரைவோட்டப் பயிற்சியாளரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. இதனை முதன்முதலாகக் கேட்கும் பெற்றோர், ‘பையன் பாதி நேரம் சும்மா நிற்கிறானே, இதற்கா மைதானத்துக்கு அனுப்பினோம்?’ என்று கேட்பது இயல்பே. நிற்கும் அந்த நேரத்தில்தான் தசையும் நரம்பும் அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராகின்றன என்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை, வியர்வைதான் புலப்படுகிறது.

உலகத்தின் அதிவேக மனிதரான உசேன் போல்ட், 2009-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்தபோதுகூட, தம் உச்ச வேகத்தை அறுபதாவது மீட்டருக்கும் எண்பதாவது மீட்டருக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் எட்டினார். அத்தகைய மகா வீரருக்கே உச்ச வேகம் சிறிது தூரத்துக்குத்தான் சொந்தம் என்றால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபது முப்பது மீட்டருக்கு மேல் வேகப் பயிற்சி என்ற பெயரால் எதனையும் விதிப்பது பொருத்தமாகுமா? மேலும், வேகமாக ஓடுபவர் காலை மற்றவரைக் காட்டிலும் விரைவாக வீசுவதால் முந்துகிறார் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் பீட்டர் வேயண்டும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைத் திருத்தியது. காலைக் காற்றில் வீசி முன்னே கொண்டுவரும் நேரம் விரைவானவருக்கும் மெதுவானவருக்கும் பெரிதும் வேறுபடுவதில்லை. பாதம் தரையைத் தொடும் மிகச் சொற்பமான நேரத்தில் எவ்வளவு பலமாக அதனை உந்துகிறார் என்பதிலேதான் வேற்றுமை இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். கோடையில் வெள்ளாற்றின் வறண்ட மணலில் ஓடிப் பழகினால் வேகம் கூடும் என்று சொல்வோர் உண்டு. மணலில் கால் புதையும். உந்தித் தள்ள நேரம் மிகுதியாகும். அதனால் தொடையும் கெண்டைக்காலும் வலுப்பெறலாம். ஆனால் தரையைத் தொட்டதும் தொடாததுமாக எழும் அந்த உந்துதலைக் கற்பதற்கு இறுகிய சமமான மண்தரையே வேண்டும்.

இது நேர்க்கோட்டில் ஓடுவதைப் பற்றிய பேச்சு. விளையாட்டுக் களத்தில் நேர்க்கோட்டில் ஓடுவதற்குச் சந்தர்ப்பம் எத்தனை முறை வாய்க்கிறது? கபடியிலும் கால்பந்திலும் கைப்பந்திலும், பாய்ந்து, சட்டென்று நின்று, எதிராளியின் தோள் சாயும் திக்கை நோக்கி, உடம்பைத் திருப்பி, மீண்டும் பாய்வதே ஆட்டத்தின் உயிர். இந்த லாகவம் வேகத்தின் ஒரு பகுதிதான், வேகம் வந்தால் அதுவும் தானே வரும் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வாரன் யங் என்னும் ஆராய்ச்சியாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2001-இல் இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். நேராக ஓடிப் பயின்றவர்கள் நேர் ஓட்டத்தில் முன்னேறினார்கள். திருப்பங்கள் மிகுந்த ஓட்டத்தில் அவர்களுக்கு அந்தப் பயிற்சி அநேகமாகப் பயன்படவில்லை. திரும்பித் திரும்பி ஓடிப் பயின்றவர்களுக்கு நேர் ஓட்டம் அவ்வளவாகக் கூடவில்லை. பின்னர் 2006-இல் ஷெப்பர்டும் யங்கும் எழுதிய கட்டுரை மற்றொரு படி மேலே சென்றது. முன்னரே தெரிந்த பாதையில் வளைந்து ஓடுவது வேறு, எதிர்பாராத ஒன்றைக் கண்டு அதற்கு ஏற்ப உடம்பைத் திருப்புவது வேறு. பின்னதே உண்மையான லாகவம் என்று அக்கட்டுரை வரையறுத்தது. அதாவது லாகவத்தின் பாதி காலில் இருக்கிறது. மறுபாதி கண்ணிலும், கண்டதைக் கொண்டு அக்கணமே தீர்மானிக்கும் புத்தியிலும் இருக்கிறது.

இதனைக் கருத்தில் கொண்டு பார்த்தால், இன்று பெருநகரத்து அகாதமிகளில் தொடங்கிச் சிறு பட்டணங்கள் வரை பரவிவரும் பிளாஸ்டிக் கோன்களும், தரையில் விரிக்கும் ‘லேடர்’ எனப்படும் கயிற்று ஏணிகளும் எந்த அளவுக்குப் பிரயோஜனமானவை என்பது விளங்கும். ஏணியின் கட்டங்களில் காலைப் படபடவென்று வைத்து எடுக்கும் சிறுவன், தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கற்றுக்கொள்வது அந்த ஏணியைத் தாண்டும் வித்தையை மாத்திரமே. உடம்பைச் சூடேற்றிக்கொள்ளவும், சிறு பிள்ளைகளுக்கு உற்சாகம் ஊட்டவும் அது உதவலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது பேதைமை. ஆனால் அவற்றின் படம் கண்ணைக் கவருவதால், அவை இல்லாத கிராமத்துப் பள்ளி தன்னைத் தரித்திரமாகக் கருதிக்கொள்கிறது. உண்மையில் அது தரித்திரமன்று.

நம்முடைய பழைய விளையாட்டுகளைக் கூர்ந்து நோக்குபவர், மேற்சொன்ன ஆராய்ச்சிகளின் சாரம் அவற்றின் விதிகளிலேயே அமைந்திருப்பதைக் காண்பார். கோ-கோவில் துரத்துபவன் ஒரு பக்கம் திரும்பி ஓடத் தொடங்கிவிட்டால், எல்லைக் கம்பத்தை அடையும் வரையில் பின்னோக்கித் திரும்பக் கூடாது. நடுக்கோட்டைக் குறுக்கே கடக்கவும் கூடாது. ஓடுபவனுக்கோ அத்தகைய தடை ஒன்றும் இல்லை; உட்கார்ந்திருப்பவர்களின் இடையே இப்புறமும் அப்புறமும் புகுந்து தப்பலாம். ஆதலால் துரத்துபவன் தன் காலைக் காட்டிலும் தன் அணியையே நம்பி, எந்தக் கணத்தில் யாருக்குக் ‘கோ’ கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஓடுபவன் துரத்துபவனையும், அமர்ந்திருப்பவர்களில் அடுத்து எழக்கூடியவனையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். கிளித்தட்டில், கோட்டை விட்டு அகலக் கூடாத காவலனை ஒரு பொய்யசைவால் ஒருபுறம் இழுத்துவிட்டு மறுபுறம் நழுவிச் செல்லும் சிறுமி, ஷெப்பர்டும் யங்கும் வகுத்த இலக்கணத்துக்கு உதாரணமாகத் திகழ்கிறாள். சடுகுடுவிலோ, பாடிச் செல்பவனுக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் முப்பதே விநாடி. அதற்குள் எதிரணியினர் அத்தனை பேருடைய கால்களையும் கைகளையும் கணித்து, தொட்டுவிட்டு, பின்வாங்கித் திரும்ப வேண்டும். இத்தனையும் செலவின்றி, சுண்ணாம்புக் கோடு ஒன்றைக் கொண்டே நடக்கின்றன. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டதும், 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் கோ-கோவுக்கு முதல் உலகக் கோப்பை டெல்லியில் நடத்தப்பட்டதும், அதே ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றிருந்ததும் இவ்விளையாட்டுகளின் கௌரவத்தை உயர்த்தியிருக்கின்றன. எனினும் அவற்றின் மேலான பெருமை, மற்ற எந்த விளையாட்டுக்குச் செல்லப்போகிற பிள்ளைக்கும் அவை அடிப்படைப் பாடசாலையாக விளங்கக்கூடும் என்பதில்தான் இருக்கிறது.

பாய்வதைக் கற்பிக்கும் நாம் நிற்பதைக் கற்பிப்பதில்லை. முழு வேகத்தில் வரும் உடம்பை இரண்டு மூன்று அடிகளுக்குள் நிறுத்தி வேறு திக்கில் திருப்பும்போது, முழங்காலின் மீது விழும் பாரம் உடம்பின் எடையைப்போல் பல மடங்காகும். இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, அது உள்நோக்கிச் சரியாமல் பாதத்தின் நேராக நிற்கும்படி நிறுத்தப் பழகாத பிள்ளைக்கு, லிகமென்ட் என்று மருத்துவமனையில் சொல்லும் இணைநார் ஒருநாள் அறுந்துபோகிறது. அதற்கு யாரும் வந்து மோத வேண்டிய அவசியமில்லை. பூப்பெய்திய பெண் குழந்தைகளுக்கு இந்த அபாயம் ஆண் பிள்ளைகளைக் காட்டிலும் அதிகம் என்பது மருத்துவர்கள் அனைவரும் அறிந்த விஷயம். இதற்கு மாற்று இல்லாமற் போகவில்லை. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள கால்பந்தாட்டச் சிறுமிகள் ஏறத்தாழ 1,900 பேரைக் கொண்டு நடத்தி 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, குதித்து இறங்குவதையும் ஒற்றைக் காலில் சமன்செய்து நிற்பதையும் திருப்பத்தையும் கற்பிக்கும் இருபது நிமிஷப் பூர்வாங்கப் பயிற்சியைத் தவறாமல் செய்த அணிகளில், கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன என்று நிரூபித்தது. அந்தப் பயிற்சிக்குக் கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. தெரிந்த ஒருவர் அருகில் நின்று திருத்துவதே தேவைப்பட்டது.

இவை யாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் சரீரம் தனக்கென ஒரு காலக்கணக்கை வைத்திருக்கிறது. பெண்கள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண்கள் பதினான்கு வயதை ஒட்டியும் மிக வேகமாக உயருகிறார்கள்; ஆனால் சராசரி என்பது புத்தகத்தில் உள்ளது, வகுப்பறையில் உள்ளதன்று. ஒரே நாளில் பிறந்த இரண்டு சிறுவர்களில் ஒருவனுக்குப் பன்னிரண்டு வயதில் மீசை அரும்பியிருக்கும். மற்றவனுக்குப் பதினைந்தாகியும் குரல் உடைந்திராது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் குறுவட்டப் போட்டிக்கு நிறுத்தப்படும்போது முன்னவனே வெல்கிறான். அவன் திறமையால் வென்றான் என்று அவனும் நம்புகிறான், பின்னவன் தனக்குத் திறமை இல்லையென்று நம்பி மைதானத்தைவிட்டே விலகுகிறான். இருவர் நம்பிக்கையும் பொய். இந்த வளர்ச்சிப் பருவத்தில் எலும்பு முந்திக்கொண்டு நீள, தசை அதனைப் பின்தொடர்வதற்குள், நேற்றுவரை நேர்த்தியாக ஓடியவன் கால் இடறி விழுவதும், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் உண்டு. அவ்வலிக்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். குதிப்பதையும் பாய்வதையும் சில வாரங்கள் குறைத்துக்கொள்வதே அதற்குப் பெரும்பாலும் போதுமான சிகிச்சை. ‘வலியைப் பொறுத்தால்தான் வீரன்’ என்று அதட்டுவது அறியாமை. விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்பவர்கள், வார்த்தெடுத்த உருவை நிழலில் வைத்து ஈரம் முற்றும் வற்றும் வரையில் காத்திருந்தே சூளையில் அடுக்குகிறார்கள்; ஈரத்தோடு நெருப்பில் வைத்த உரு வெடித்துப்போகும் என்பதை அறியாதவர் அத்தொழிலில் யாரும் இல்லை. பிள்ளைகளை வார்க்கும் தொழிலில் மாத்திரம் அந்தப் பொறுமை நமக்கு இல்லாமற் போவானேன்?

பொறுமையால் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை என்பதற்குக் கடல் கடந்த தமிழரின் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டின் 100 மீட்டர் ஓட்டத்தில், மலேசியாவின் மாணிக்கவாசகம் ஜெகதீசனும் சிங்கப்பூரின் கனகசபை குணாளனும் ஏறக்குறைய ஒரே கணத்தில் கோட்டைக் கடந்தார்கள். புகைப்படத்தை ஆராய்ந்தே தங்கம் ஜெகதீசனுக்கும் வெள்ளி குணாளனுக்கும் என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஆசியக் கண்டத்தின் அதிவேக மனிதர் இருவரும் அன்று தமிழராயிருந்தனர். அவர்களில் ஜெகதீசன் தம் பதினாறாம் வயதிலேயே 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியவர். பிற்காலத்தில் மருத்துவராகவும் விளங்கியவர். குணாளனோ கால்பந்தாட்டக்காரர், டான் எங் யூன் என்னும் பயிற்சியாளரின் தூண்டுதலால் இருபது வயதை ஒட்டியே விரைவோட்டத்துக்குத் திரும்பியவர். இளமையிலேயே தொடங்கியவரும் காலந்தாழ்த்தித் தொடங்கியவரும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தார்கள். குணாளன் 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் பதிவு செய்த 10.38 விநாடி என்னும் சாதனை, 2001-ஆம் ஆண்டு வரையில் சிங்கப்பூரில் முறியடிக்கப்படாமல் நின்றது. பந்தின் பின்னே ஓடித் திரும்பிப் பாய்ந்த அந்த ஆண்டுகள் வீணான ஆண்டுகள் என்று யாரால் சொல்ல முடியும்? நம் நாட்டிலும், மதுரை சக்கிமங்கலத்துப் பாட்டியின் வளர்ப்பில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டு, படிப்படியாக உயர்ந்து, டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ், பி. டி. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நிலைநாட்டிய 400 மீட்டர் தடையோட்டச் சாதனையான 55.42 விநாடியை 39 ஆண்டுகளுக்குப் பின் 2023-இல் ஹாங்சோவில் சமன்செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

இதற்கு மாறாக, அவசரம் என்ன விளைவிக்கிறது என்பதையும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். பன்னிரண்டு வயதில் மாநிலப் பதக்கம் வேண்டும் என்று துடிக்கும் இடத்தில், பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைக்கும் ஆசை பிறக்கிறது. அதனைக் கண்டுபிடிக்க மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும் நிர்ப்பந்தம் விளையாட்டுச் சங்கங்களுக்கு ஏற்பட்டுவிட்டது. இருபது வயதில் சர்வதேசப் பதக்கம் வேண்டும் என்று துடிக்கும் இடத்தில் ஊசியும் மாத்திரையும் புகுகின்றன. ஆசிய மேடையில் தங்கம் வாங்கிய தமிழ்நாட்டு வீராங்கனையே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கத்தையும் நான்கு ஆண்டுகளையும் இழந்த துயரத்தை நாம் கண்டோம். குற்றத்தின் பாரம் முழுவதையும் அந்த வீராங்கனையின் தலையில் சுமத்திவிட்டு, அவசரத்தை வளர்த்த பெரியவர்களாகிய நாம் விலகிக்கொள்வது நியாயமாகாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ‘சோற்றுக்கு வழியுள்ளவர் பொறுமையைப் பேசலாம், எங்கள் பிள்ளைக்கு விளையாட்டு இட ஒதுக்கீட்டில் கல்லூரியில் ஓர் இடமும், அரசு வேலையில் மூன்று சதவிகித ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகமும் கிடைத்தால் அல்லவோ குடும்பம் நிமிரும்? அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இப்போதே வெற்றி வேண்டும்’ என்று கூலி வேலை செய்யும் தகப்பனார் ஒருவர் சொல்வாரானால், அவருடைய அவசரம் பேராசையால் வந்ததன்று, தேவையால் வந்தது. ஆனால் அந்தத் தேவையின் பொருட்டாகவேதான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒதுக்கீட்டுக்கு உதவும் சான்றிதழ் பதினேழு, பத்தொன்பது வயதில் பெறும் வெற்றிக்குத்தான் பெரும்பாலும் மதிப்புடையது. பன்னிரண்டு வயதில் பிழியப்பட்டு, பதினைந்தில் முழங்கால் கெட்டு, பதினாறில் மைதானத்தை வெறுத்துவிட்ட பிள்ளை அந்த வாய்ப்புக்கு வந்து சேருவதே இல்லை. பொறுமை இங்கே ஏழையின் நஷ்டமன்று. ஏழையின் முதலீட்டுக்குக் காப்பு.

அப்படியானால் பொறுமையோடு கற்பிப்பவர் யார்? ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ.யின் சார்பில் நிறுவியது சென்னையில்தான். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உடற்கல்வி ஆசிரியரை உருவாக்கத் தொடங்கிய மாநிலத்தில், இன்று அந்த ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று தேடினால், சட்டத்தின் வாசகமே விடை கூறுகிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்கு ஆசிரியர் வேண்டும் என்கிறது; அவரும் பகுதிநேர ஆசிரியரே. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள் பணி, மாதம் ஐயாயிரம் ரூபாய் தொகுப்பூதியம் என்று தொடங்கிய அவர்களுடைய வாழ்வு, நிரந்தரத்தைக் கோரிப் போராடுவதிலேயே கழிந்துவருகிறது. கரும்பும் மக்காச்சோளமும் விளையும் திட்டக்குடி வட்டாரத்துச் சிற்றூர்களின் நடுநிலைப் பள்ளிகளில் நூறு பேரைத் தொடாத வகுப்புகள் அரியனவல்ல. வேகமும் லாகவமும் படிவதற்கு மிகவும் ஏற்ற அந்த மூன்று ஆண்டுகளில், சட்டப்படியே பிள்ளைக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்கும் பெரிய பள்ளிகளிலோ, பரீட்சை நெருங்க நெருங்க பி.இ.டி. பீரியடு கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் தாரை வார்க்கப்படுகிறது. எஞ்சிய பீரியடும் உச்சி வெயிலில் வந்து விழுகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மைக்கு மாறான பேச்சு. 2024-இல் 12,500-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கிற்று; சட்டமன்றத் தொகுதி தோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டமும் நடந்துவருகிறது; முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் லட்சக்கணக்கான பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்திருக்கின்றன; 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பெற்றது. இவை மகிழத்தக்கவை. ஆனால் பந்தும் வலையும் அனுப்புவது ஒருமுறைச் செலவு. ஆசிரியர் நியமனம் ஆண்டுதோறும் தொடரும் செலவு. ஆட்சிகள் எவையாயினும் முன்னதை விரும்பிப் பின்னதற்குத் தயங்குவது இயல்பாயிருக்கிறது. பெட்டியில் வந்து இறங்கிய சாமான்கள் ஊராட்சி அலுவலகத்தின் மூலையில் பூட்டிக் கிடக்க நேர்ந்தால், அக்குற்றம் சாமான்களுடையதன்று.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. பதின்பருவப் பெண்களின் நிலையும் அதுவே. இரத்தத்தில் இரும்பு குறைந்த சிறுமி சோர்ந்து நிற்கும்போது, அவளைச் சோம்பேறி என்று ஏசுவதால் பயன் இல்லை. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையும், காலை உணவும், மதிய உணவின் முட்டையும் பயிற்சியின் பகுதிகளே என்று உணர்ந்த ஆசிரியர்தான் நல்ல பயிற்சியாளர். பூப்பெய்தியதும் பெண்ணை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் முன்னளவு இல்லையாயினும், மறைந்துவிடவில்லை. உடை மாற்ற ஓர் அறையும், தண்ணீரோடு கூடிய கழிப்பறையும், உடன் நிற்க ஓர் ஆசிரியையும் இருந்தால், தாய்மார்களின் ஆட்சேபத்தில் பெரும்பகுதி தானே கரையும்.

திட்டக்குடியைப் போன்ற ஊரில் நாளைக்கே தொடங்கக்கூடியது எது? வாரத்தில் மூன்று நாட்கள், வெயில் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ, நாற்பது நிமிஷம் போதும். முதல் பத்து நிமிஷம் தாண்டுதல், நொண்டி, ஒற்றைக் காலில் இறங்கி அசையாமல் நிற்றல். அடுத்த பதினைந்து நிமிஷத்தில் இருபது மீட்டர் தூரத்துக்கு முழு வேகத்தில் ஐந்தே ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் இடையே நடந்து திரும்பி இரண்டு நிமிஷ ஓய்வு. எஞ்சிய நேரம் முழுவதும் கிளித்தட்டு, கோ-கோ, சடுகுடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் சுவரில் குறித்து, சட்டென்று உயர்ந்துவருபவனுக்குப் பாரத்தைக் குறைக்க வேண்டும். கல்லும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கிச் சமன்செய்த தரை வேண்டும். அதனை ஊராட்சியும் ஊரக வேலை உறுதித் திட்டமும் சேர்ந்து செய்து தர முடியும். போட்டிகளைப் பொறுத்தவரையில், பதினான்கு வயதுக்குட்பட்டோருக்குப் பதக்கப் பட்டியலைக் குறைத்து, பல விளையாட்டுகளிலும் கலந்துகொள்வோருக்கு மதிப்புத் தரும் முறையைப் பள்ளிக் கல்வித் துறை யோசிக்க வேண்டும். விளையாட்டு விடுதிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்போரும், ஓடிய நேரத்தோடு வளர்ச்சிப் பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று, ஒன்றைத் தவிர. கல்வி உரிமைச் சட்டம் நூறு என்று வகுத்த எல்லையைப் பாராமல், இரண்டு மூன்று சிறு பள்ளிகளுக்கு ஒருவராகவேனும் முழுநேர உடற்கல்வி ஆசிரியரை மாநில அரசு நியமிக்க வேண்டும். அவரை அங்கிருந்து தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் இழுக்காமல் மைதானத்தில் நிற்கவிட வேண்டும். அவருடைய பணியை அவ்வாண்டு வந்த பதக்கத்தால் அளக்காமல், எட்டாம் வகுப்பு முடிந்த பின்னும் எத்தனை பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் அளக்க வேண்டும். அந்த ஆசிரியர் வரும் வரையில், தொகுதிக்கு ஓர் அரங்கம் எழுந்தாலும், அது ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர்களுக்கே பயன்படும்.